பீசான்

மாங்கோடிபி என்னும் ஆவணத் தரவுத்தளம் தன் ஆவணங்களைச் சேமிக்கக் கையாளும் இருமக் குறிமுறைக்குப் பீசான் என்று பெயர்; ஜேசான் என்னும் உரைவடிவத் தரவுக் குறிமுறையின் பெயரில் ஆங்கில முதலெழுத்தை நீக்கி, இருமத்தைச் சுட்டும் 'பைனரி' என்பதன் முதலெழுத்தை அங்கே வைத்து ஆக்கப்பட்ட இச்சொல், ஜேசானில் தனி வகையாக இல்லாத தேதி, 12 பைட் ஆவண அடையாளம் போன்றவற்றையும் கொண்ட வடிவத்தைக் குறிக்கிறது.

பீசானில் பட்டியலும் ஆவணமும் வேறு வேறு வகைகள்; பி.எச்.பி. மொழியிலோ பட்டியலுக்கும் பெயர்–மதிப்பு இணைகளுக்கும் 'அரே' என்ற ஒரே அமைப்பு பயன்படுவதால், பி.எச்.பி.யையும் மாங்கோடிபியையும் இணைக்கும் மென்பொருளான இயக்கி, சுட்டெண்கள் 0 முதல் இடைவிடாது வந்தால் அந்த அரேயைப் பீசான் பட்டியலாகவும், இல்லையேல் உள்ளமை ஆவணமாகவும் மாற்றுகிறது. மூன்று உறுப்புகளில் நடுவிலுள்ளதை 'அன்செட்' கட்டளையால் நீக்கினால், எஞ்சிய 0, 2 ஆகியவை புலப்பெயர்களாகிவிடும். பிழைச்செய்தி எழாத மாற்றமாதலால் இது எளிதில் கண்ணில் படுவதில்லை. சேமிக்குமுன் 'அரே_வேல்யூஸ்' சார்பால் சுட்டெண்களை மீண்டும் 0 முதல் வரிசையாக இட்டால் பட்டியல் பட்டியலாகவே செல்லும்.