வெளியீட்டுக் குறிப்பும் வரலாற்றுச் சான்றும்

மன்னர் வரலாறு எழுதப் புகுவோன் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடுவான். மென்பொருளின் வரலாறு எழுதப் புகுவோன் எதனை நாடுவான்? மூலநிரல் முழுவதும் எஞ்சியிருப்பினும், அது செய்யப்பட்டது யாது என்பதனை உரைக்குமேயன்றி, ஏன் செய்யப்பட்டது என்பதனைப் பெரும்பாலும் உரையாது. அக்குறையை நிறைப்பது பதிப்புத்தோறும் உடன்வரும் வெளியீட்டுக் குறிப்பாகும்.

பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லீனஸ் தோர்வால்ட்ஸ், 1991ஆம் ஆண்டு செப்டெம்பரில் லினக்ஸ் கருனியின் 0.01ஆம் பதிப்பை வெளியிட்டார். கருனி மாத்திரம் இருந்து பயனில்லை, வேறு கருவிகளும் வேண்டும் என்று அதன் குறிப்பில் அவர் ஒளியாது கூறினார். அக்குறிப்பிலேயே உரிமை விதியும் இருந்தது: மூலநிரல் முழுவதும் கிடைத்தல் வேண்டும், விநியோகிப்போர் கையாளுஞ் செலவைத்தானும் அறவிடலாகாது. நெகிழ்தட்டிற் படியெடுத்து வழங்க முன்வருவோர்க்கு இது பெருந்தடையாகும்.

1992 ஜனவரியில் 0.12ஆம் பதிப்பு வந்தது. நினைவகம் போதாதவிடத்து வன்தட்டைத் துணைக்கொள்ளும் வசதி அதிற் சேர்ந்தது. ஆயினும் நம் கருத்தை ஈர்ப்பது அதனுடன் சென்ற குறிப்பே. பணம்பெறுதலை விலக்கிய விதியை நீக்கி, ரிச்சாட் ஸ்ரோல்மன் வகுத்த க்னூ பொது உரிமத்தைத் தழுவ எண்ணியுள்ளதாகவும், நிரல் எழுதி உதவியோருக்கு மனக்குறை உளதாயின் தமக்கு எழுதுக எனவும், இன்றேல் பெப்ரவரி முதலாந் தேதி தொடக்கம் அது நடைமுறைக்கு வரும் எனவும் அவர் அறிவித்தார். பிறர் உழைப்புங் கலந்த ஆக்கத்தின் உரிமையைத் தாமே மாற்றாது, உழைத்தோரைக் கேட்டமை நோக்கற்பாலது. பின்னாளில் வணிக நிறுவனங்கள் லினக்ஸை விற்கவும் வளர்க்கவும் வழிதிறந்த மாற்றம் இவ்வாறு சில வரிகளில் நிகழ்ந்தது.

க்னூ திட்டத்தார் இதனை நெறிப்படுத்தினர். நிரலில் நிகழ்ந்த ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவது ஓர் ஏடு. பயன்படுத்துவோர் அறியவேண்டியவற்றை மாத்திரம் தெரிந்துரைப்பது மற்றோர் ஏடு. இவ்வேறுபாட்டை இக்காலத்தார் பலர் மறந்தனர். திருத்தங்களின் தலைப்புக்களைப் பொறியே நிரற்படுத்த, அதனையே குறிப்பென வெளியிடுகின்றனர். நம் மாணாக்கர் ஆண்டுகளை மனனஞ்செய்து, காரணங்களை விடுத்து விடையெழுதுதல் போல்வது இது! அத்தகைய பட்டியலை எளிதிற் றருவது 2005இல் தோர்வால்ட்ஸ் தொடக்கிய கிற் என்னும் கருவி. அக்கருவியின் வெளியீட்டுக் குறிப்புக்களோ இன்றும் அதன் பராமரிப்பாளராற் கையாலேயே எழுதப்படுகின்றன.