ஊடுகதிர்

'ஊடு' என்பது உள், நடு, இடைவழி எனப் பொருள்படுவதாலும், 'கதிர்' என்பது ஒளிக்கும் நெற்கதிருக்கும் பொதுவாவதாலும், 1895இல் இயற்பியலாளர் ரான்ட்ஜன் கண்டறிந்து, இயல்பு விளங்காமையால் 'எக்ஸ்' எனக் குறித்த கதிருக்கு, உடலை ஊடுருவும் செயலையே சுட்டும் இச்சொல் மூலப்பெயரினும் பொருத்தமானது. கதிரைத் தடுக்கும் எலும்பு, ஊடுகதிர்ப் படத்தில் வெண்மையாகவும், காற்று நிறைந்த நுரையீரல் கருமையாகவும் தோன்ற, அக்கருமையில் தென்படும் வெண்திட்டு கட்டியாகவோ காசநோய்த் தழும்பாகவோ இருக்கலாம். இப்படத்தில் உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் குறையை, பல கோணப் பதிவுகளிலிருந்து குறுக்குவெட்டை மீட்டுத் தீர்ப்பது சி.டி. ஸ்கேன்; அம்மீட்புக்குரிய கணக்குமுறையொன்றை அறிவியலாளர்களான ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971இல் வெளியிட்டனர். 'ஊடுகதிர்' பொருத்தமானதாயினும், பேச்சில் 'எக்ஸ்ரே'யே வழங்க, அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவரின் பணிப்பெயரிலோ 'நுண்கதிர் வீச்சாளர்' என மற்றொரு சொல் இடம்பிடித்துவிட்டது.