மொறிஸ் மைனர் முதல் ஒக்டேன் 95 வரை

ஒரு காலத்தில் வெள்ளவத்தைக் காலி வீதியில் மொறிஸ் மைனரும் ஒஸ்டினும்தான் நடுத்தரக் குடும்பத்துக் கார்கள். ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் கம்பனிகள் பெற்றோல் விற்றன. 1961இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவானது. சில ஆண்டுகளில் விநியோகம் அதன் கைக்கு வந்தது.

1977இல் இறக்குமதிக் கதவு திறந்தது. ஜப்பான் கார்கள் பெருகின.

அப்பா காபரேட்டர் துடைத்த வீட்டில் இன்று மகன் டர்போ கார் ஓட்டுகிறான். 92ஆ, 95ஆ என்பது அவன் கேள்வி. ஒக்டேன் எண் கூடியதால் மட்டும் வேகம் கூடாது. அழுத்தம் மிகுந்த இஞ்சின் 'தட்டாமல்' ஓட அது உதவும்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் அந்தத் தெரிவும் போனது. கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர்தான் கிடைத்தது. கொட்டாஞ்சேனை வரிசையில், இஞ்சினை அணைத்துவிட்டுக் கதவோரம் நின்று காரைக் கையால் தள்ளினார்கள்.