பூட்டும் திறவுகோலும்: காணொளி விளையாட்டுக் கருவிகளும் பதிப்புரிமைச் சட்டமும்

காணொளி விளையாட்டுக் கருவிகள் தொடர்பான வழக்குகளைக் களவுப் பிரதி பற்றியனவாகவே பலரும் கருதுவர். வரலாற்றினை நோக்குமிடத்து, அவற்றின் அடியில் இருந்தது உற்பத்தி உரிமை யாருக்கு என்ற வினாவே என்பது புலனாகும். நின்ரெண்டோ நிறுவனம் 1985இல் அமெரிக்கச் சந்தைக்குக் கொணர்ந்த கருவியினுள் ஒரு சில்லு இருந்தது. விளையாட்டுப் பேழையிலும் அதன் இணைச்சில்லு இருத்தல் வேண்டும். இரண்டும் ஒத்த குறித்தொடரைப் பரிமாறாவிடின் விளையாட்டு இயங்காது. இப்பூட்டு, அனுமதி பெறாத உற்பத்தியாளரைச் சந்தைக்கு வெளியே நிறுத்தியது. அனுமதி பெற்ற அற்றாரி கேம்ஸ் நிறுவனமும் ஆண்டுக்கு ஐந்து புதிய விளையாட்டுக்களுக்கு மேல் வெளியிட ஒப்பந்தம் இடந்தரவில்லை.

அந்நிறுவனம் பூட்டைத் திறக்கத் தெரிந்தெடுத்த வழி விசித்திரமானது. தான் ஒரு வழக்கின் எதிராளி எனப் பொய்யுரைத்து, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடமிருந்தே சில்லின் நிரலைப் பெற்றது. 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்று அதற்கெதிரான தடையை உறுதிசெய்ததில் வியப்பில்லை. ஆனால், அதே ஆண்டில் சேகா–அக்கொலேட் வழக்கு வேறு திசையிற் சென்றது. சேகாவின் கருவி தேடிய ‘திறவுகோல்’, அந்நிறுவனப் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துக்களே. விலைகொடுத்து வாங்கிய பேழைகளின் நிரலைப் பிரித்தாராய்ந்த அக்கொலேட்டின் செயல், வேறு வழியில்லாதவிடத்து நியாயமான பயன்பாடே என நீதிமன்று கொண்டது. பதிப்புரிமை வெளிப்பாட்டைக் காக்குமேயன்றித் தொழிற்படு முறையைக் காக்காது என்ற கோட்பாடு இங்கு வென்றது.

ஒரு கருவியின் தொழிற்பாட்டை வேறொரு கணினியில் நிகழ்த்தும் மென்பொருளே எமுலேற்றர். கொனெக்ரிக்ஸ் நிறுவனம் சொனியின் பிளேஸ்ரேசனுக்கு அத்தகைய மென்பொருளை 1999இல் வெளியிட்டது. ஆக்க வேலையின்போது சொனியின் நிரல் பன்முறை படியெடுக்கப்பட்டது. முடிந்த பொருளில் அது இருக்கவில்லை. 2000இல் மேன்முறையீட்டு நீதிமன்று இதனையும் ஏற்றது. மறு ஆண்டில் சொனி அம்மென்பொருளை விலைக்கு வாங்கி விற்பனையை நிறுத்தியது. தீர்ப்பால் இயலாததை மூலதனம் செய்தது!

ஆயினும் சட்டத்தின் நிலைக்களன் அதற்கு முன்னரே மாறிவிட்டது. 1998இன் அமெரிக்க எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டம், படியெடுத்தலுக்கு அப்பால், தொழினுட்பப் பூட்டைத் திறப்பதையும் திறக்கும் கருவியை வழங்குவதையும் தனிக்குற்றங்களாக்கியது. இயைந்தியங்கும் நிரல்களை ஆக்குவோருக்கு ஒரு விலக்கு உண்டெனினும் அது குறுகியது. பிளேஸ்ரேசனின் தட்டுக்கள் மறைகுறியாக்கப்பட்டவையல்ல. பின்வந்த பல கருவிகளின் விளையாட்டுக்களோ அவ்வாறு ஆக்கப்பட்டவை. ஆகவே எமுலேற்றரை முழுவதும் சொந்தமாக எழுதியவருக்கும் ஒரு திறவுகோல் தேவைப்படுகிறது.

அத்திறவுகோல் யாது? வீ கருவியின் பொதுத் திறவுகோல் 16 பைற்று நீளமான ஓர் எண். எவருடைய கற்பனையும் அதில் இல்லை. ஆயினும் அதைத் தன்னுட்கொண்ட டொல்பின் எமுலேற்றர், நின்ரெண்டோவின் எதிர்ப்பை அடுத்து, ஸ்ரீம் விற்பனைத்தளத்தில் வெளிவரும் முயற்சியை 2023இல் கைவிட்டது.

சுவிச் கருவிக்கான யூசு எமுலேற்றர் திறவுகோலைக்கூடத் தன்னுட் கொண்டிருக்கவில்லை. பயன்படுத்துவோரே கொணரல் வேண்டும். எனினும் இயங்கும்போது அத்திறவுகோலைக் கொண்டு பூட்டைத் திறப்பதே குற்றம் என நின்ரெண்டோ 2024 பெப்ரவரி 26இல் வழக்கிட்டது. யூசுவின் ஆக்குநர் பணம் ஈட்டியமையும், வெளியீட்டுக்கு முன்பே கசிந்த விளையாட்டொன்று பரவலாக ஆடப்பட்டமையும் அவர்கள் தரப்பை நலிவுறுத்தின என்பதை மறைத்தற்கில்லை. ஒரு வாரத்துள் 24 இலட்சம் டொலர் செலுத்த இணங்கி அவர்கள் விலகினர். இரு தரப்பு வாதமும் சோதிக்கப்படவேயில்லை. கொனெக்ரிக்ஸ் பெற்ற நியாயம் பூட்டிய விளையாட்டுக்கும் பொருந்துமா என்ற வினாவுக்கு அங்கு விடை கிட்டவில்லை. பெருநிறுவனத்துடன் வழக்காடும் செலவே அதனைத் தடுத்தது என்பது எமது கருத்து.

இதனால் இழப்புறுவோர் விளையாடுவோர் மட்டுமல்லர். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுக்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என 2023இல் வெளியான ஆய்வொன்று கண்டது. அவற்றை ஆய்வாளர் தொலைவிலிருந்து அணுக நூலகங்கள் இடமளிப்பதற்குக் கோரப்பட்ட சட்டவிலக்கு, 2024 ஒக்ரோபரில் மறுக்கப்பட்டது.