மனச்சிதைவு நோய்க்குத் தேயிலை மருந்தாகுமா?

தேயிலைப் பெட்டிகளில் ‘அன்டிஒக்சிடன்ட் நிறைந்தது’ என்ற வாசகம் இப்போது சாதாரணம். அதே சொல் மனநோய் ஆய்வுகளிலும் அடிபடுகிறது. ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில், ஸ்கிசோபிரினியா எனப்படும் மனச்சிதைவு நோயுள்ள மகனைப் பராமரிக்கும் தாயொருவர் என்னிடம், “தேயிலை மூளைக்கு நல்லதுன்னு சொல்றாங்களே தம்பி, ஊசிய நிப்பாட்டிட்டு அதையே குடுத்தா என்ன?” என்று கேட்டார். கிளினிக் நாளில் அவருக்கு ஒரு நாள் பேர் போய்விடும். பஸ் காசு வேறு. அவர் கேட்டதில் வியப்பில்லை.

நமது உடல் எடையில் மூளை சுமார் 2 வீதம்தான். உடல் பயன்படுத்தும் ஒட்சிசனிலோ சுமார் 20 வீதத்தை அதுவே செலவிடுகிறது. அப்போது கலங்களைத் தாக்கும் சில மூலக்கூறுகளும் உருவாகின்றன. கொழுப்பு மிகுந்த மூளைக் கலங்கள் அவற்றால் எளிதில் சேதமடையும். சுப்பர் ஒட்சைட் டிஸ்மியூட்டேஸ், கற்றலேஸ் போன்ற நொதியங்களும் குளுட்டதயோன் என்ற பொருளும் அந்த மூலக்கூறுகளை அடக்குகின்றன. இந்தக் காவலை மீறிச் சேதம் பெருகும் நிலையே ஒட்சியேற்ற அழுத்தம்.

2000ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் கிம் டோவும் சக ஆய்வாளர்களும், மனச்சிதைவு நோயாளர்களின் மூளை முண்ணாண் பாய்பொருளில் குளுட்டதயோன் 27 வீதமும், மூளையின் முன்பகுதியில் 52 வீதமும் குறைந்திருந்ததாக அறிவித்தனர். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு பெரிய குறைவைக் காணவில்லை. புகைத்தல், உணவு, உட்கொள்ளும் மருந்து ஆகியவையும் இந்த அளவுகளை மாற்றும். ஆகவே இது நோயின் காரணமா விளைவா என்பது முடிவாகவில்லை. இதை அளந்து நோயைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனையும் கிடையாது.

அடுத்த முயற்சி சுவாரசியமானது. பரசிட்டமோல் அளவுக்கு மீறினால் வைத்தியசாலைகளில் மாற்று மருந்தாகத் தரும் என்-அசிற்றைல் சிஸ்ரீன், உடலில் குளுட்டதயோன் உருவாக உதவுகிறது. அவுஸ்திரேலியாவின் மைக்கல் பேர்க் குழு 140 பேரில் ஒரு பகுதியினருக்கு இதை நாளுக்கு 2 கிராம் வீதம் 24 வாரங்கள் கொடுத்தது. 2008இல் வெளியான முடிவில் ஒதுங்கியிருத்தல், நாட்டமின்மை போன்ற அறிகுறிகளில் மிதமான முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அவர்கள் எவரும் வழமையான மருந்தை நிறுத்தவில்லை. அதற்கு மேலதிகமாகத்தான் இதை எடுத்தார்கள். பிந்திய ஆய்வுகளின் முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை.

தேயிலைக்கு வருவோம். கொழுந்திலுள்ள கற்றெச்சின்கள் சோதனைக் குழாயில் நன்றாக வேலை செய்கின்றன. குடித்தபின் அவற்றில் சிறு பங்கே இரத்தத்தில் சேர்கிறது. குளுட்டதயோனை மூளைக் கலங்களே சிஸ்ரீன் முதலிய அமினோ அமிலங்களிலிருந்து தயாரிக்க வேண்டும். சாயத்தண்ணியில் அந்த மூலப்பொருள் இல்லை. பெட்டியில் அச்சிடும் கம்பனிகள் இதையெல்லாம் எழுதப்போவதில்லை.

சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், மரக்கறி, பருப்பு வகைகளிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். இரத்தச்சோகை உள்ளவர்கள் சாப்பிட்டு ஒரு மணிநேரம் கழித்துக் குடிப்பது நல்லது. க்ளோசபின் எடுப்பவர்களுக்கு இன்னொரு விடயம்: கஃபீன் அந்த மருந்தின் இரத்த அளவைக் கூட்டும், புகைத்தல் குறைக்கும். தேநீரையோ பீடியையோ திடீரெனக் கூட்டினாலும் விட்டாலும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

ஊசியை இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். கைநடுக்கம், உடல் இறுக்கம் போன்ற பக்கவிளைவுகளால் நிறுத்தத் தோன்றினால், அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ முடியுமா என்று கிளினிக்கில் கேட்கலாம். போக வழியில்லாத நாளில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.