நிர்சாஃப்டும் சிகிளீனரும்

நிர்சாஃப்டின் கடவுச்சொல் மீட்புக் கருவிகளும் கணினியைச் சுத்தப்படுத்தும் சிகிளீனரும் பல ஆண்டுகளாகப் பலர் நம்பிப் பயன்படுத்தி வருபவை. இரண்டையுமே ஆண்டிவைரஸ் தடுத்திருக்கிறது. ஆனால் தடுத்த காரணம் வேறு வேறு. அதைப் பார்க்காமல் 'அனுமதி' பொத்தானை அழுத்துவது ஆபத்து.

நிர் சோஃபர் எழுதும் நிர்சாஃப்ட் கருவிகள் சிறியவை, இலவசமானவை. பெரும்பாலானவற்றை இன்ஸ்டால் செய்யவே வேண்டியதில்லை. இவற்றில் சில, பிரவுசரில் சேமித்துவிட்டு மறந்துபோன கடவுச்சொல்லை எடுத்துக் காட்டும். கணினி பழுதுபார்ப்பவருக்கு இது பெரிய உதவி. அதே கருவியைத் திருடன் பிறர் கணினியில் ஓட்டினால் அத்தனை கணக்குகளும் அவன் வசம். கோப்பில் கெடுதல் இல்லாதபோதும் ஆண்டிவைரஸ் மறிப்பது இதனால்தான். தெரிந்தே இறக்கியவருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் நீங்கள் இறக்காத இந்தக் கருவி உங்கள் கணினியில் இருப்பதாக எச்சரிக்கை வந்தால், யாரோ உள்ளே நுழைந்திருக்கலாம். ஈசெட் நிறுவனம் இத்தகைய இருமுனைக் கருவிகளைத் 'தேவையற்றவை' பட்டியலில் கலக்காமல் தனி வகையாக வைத்திருக்கிறது. எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்ய வேண்டும்.

சிகிளீனரை மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் 2020 ஜூலையில் தேவையற்ற மென்பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. இலவசப் பதிப்பின் சில நிறுவிகள் குரோம், அவாஸ்ட் போன்றவற்றையும் கூடவே ஏற்ற முயன்றதுதான் காரணம். டிக்கை எடுத்துவிட வழி இருந்தது. அவசரமாக 'நெக்ஸ்ட்' அழுத்துகிறவர் அதைக் கவனிப்பதில்லை. இங்கே எச்சரிக்கையை மீற வேண்டிய அவசியமே இல்லை. ஒட்டிவரும் சரக்கில்லாத நிறுவி கிடைத்தால் அதை எடுக்கலாம். இல்லையேல் ஒவ்வொரு திரையையும் வாசித்து வேண்டாததை மறுக்கலாம்.

இதே சிகிளீனருக்கு 2017இல் நேர்ந்தது இன்னும் மோசமானது. ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 12 வரை அதிகாரபூர்வமாக வழங்கப்பட்ட 5.33 பதிப்பில் தீநிரல் ஒளிந்திருந்தது. செல்லுபடியாகும் டிஜிட்டல் கையொப்பமும் இருந்தது. அவாஸ்டின் கணக்கில் அது சுமார் 22.7 லட்சம் கணினிகளில் ஏறியது. தயாரித்தவரின் நற்பெயர் மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

எனவே நிர்சாஃப்ட் கருவிக்கு அனுமதி கொடுப்பதானாலும் முதலில் அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, ஹேஷ் எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்டிவைரஸ் சோதனையிலிருந்து விலக்கு அந்த ஒரு கோப்புக்கு மட்டும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் கருவியையும் விலக்கையும் நீக்கிவிடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் விலக்கி வைத்தால், நாளை அங்கே வந்து விழும் கோப்பு எதுவானாலும் ஆண்டிவைரஸ் அதைச் சோதிக்காது.