சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் வாடை

விருதுநகர்க்காரனுக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசச் சொல்லித் தரவா வேண்டும்? குழாயில் தண்ணீர் வருவதே சில நாளைக்கு ஒருமுறை. வந்தால் முதல் குடத்தை மோந்து பார்த்துவிட்டுத்தான் அது குடிக்கவா, பாத்திரம் கழுவவா என்று வீட்டில் முடிவு செய்வார்கள். குளோரின் வாடை என்றால் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. சாக்கடை வாடை என்றால் எங்கேயோ குழாய் உடைந்திருக்கிறது. அழுகிய முட்டை வாடை என்றால் பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. டீசல் வாடை அடித்தால்?

சென்னை தண்டையார்பேட்டையில் 2013இல் அப்படித்தான் அடித்தது. பூமிக்கடியில் போகும் பாரத் பெட்ரோலியம் குழாயில் கசிவு இருந்தது தெரிய வந்தது. ஆனால் நான் சொல்ல வருவது கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிட்டத்தட்ட அதே காலத்தில் நடந்த கதை. அங்கே சந்தேகப்பட ஒரு குழாய் மட்டும் இல்லை, பல பேர் இருந்தார்கள். அதுதான் சிக்கல்.

முதலில் ஊரின் அமைப்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. மழைத்தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் இறங்கித் தங்கும். அதைத்தான் கிணறு வெட்டி எடுக்கிறார்கள். வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவதும் பெரும்பாலும் மோட்டார் போட்டுத் தொட்டிக்கு ஏற்றிய கிணற்றுத் தண்ணீர்தான். சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பும் துவாரமும் நிறைய. மேலே எதைக் கொட்டினாலும் வடிகட்ட அதிகம் ஒன்றும் இல்லை, நேராகக் கீழே போய்விடும். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது என்பதால் நிலத்தடி நீரின் மேலேயே படிந்து நிற்கும். மாரி மழையில் நீர்மட்டம் ஏறினால் கூடவே ஏறும், கோடையில் கூடவே இறங்கும், போகிற வழியில் கல்லிலெல்லாம் பூசிக்கொண்டே போகும். கொட்டுவதை இன்று நிறுத்தினாலும் வாடை நாளைக்கே நிற்காது.

சுன்னாகத்தில் இலங்கை மின்சார சபையின் டீசல் மின்நிலையம் பல பத்தாண்டுகளாக இருந்தது. போர்க்காலத்தில் அங்கே எண்ணெய்த் தொட்டிகள் தாக்கப்பட்டு எண்ணெய் மண்ணில் ஓடியது என்பார்கள் ஊர்க்காரர்கள். 2009இல் நார்தர்ன் பவர் என்ற தனியார் கம்பெனி 30 மெகாவாட் அனல்மின் நிலையத்தோடு உள்ளே வந்தது. 2013இல் மின்சார சபையே இன்னொரு நிலையத்தையும் திறந்தது. ஆக, கிணற்றில் எண்ணெய் மிதந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்ட வசதி. பழைய எண்ணெய், போர் எண்ணெய், பக்கத்து வீட்டு எண்ணெய்!

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014 வாக்கில் மின்நிலையத்தைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டர் வட்டாரத்தில் 150 கிணறுகளைச் சோதித்தது. அதில் 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீஸும் அனுமதித்த அளவுக்கு மேல். நூற்றுக்கு 73.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1854இல் லண்டன் பிராட் ஸ்ட்ரீட்டில் காலரா வந்தபோது, டாக்டர் ஜான் ஸ்னோ செத்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, எல்லாம் ஒரே அடிபம்பைச் சுற்றி இருப்பதைக் காட்டினார். அப்போது பெரிய மருத்துவர்கள் பலர் நாற்றம்தான் நோய் தருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பம்புத் தண்ணீரோ ருசியாக இருக்கிறது என்று தூரத்தில் இருந்தவர்கூட வரவழைத்துக் குடித்தார்கள். சுன்னாகத்தில் அப்படியே தலைகீழ். குடிப்பவருக்கு நாறுகிறது, நிபுணர்களுக்கு நாறவில்லை. வடக்கு மாகாண சபை அமைத்த நிபுணர் குழு 2015இல், தண்ணீரில் ஆபத்தான எண்ணெய் மாசு இல்லை என்கிற மாதிரி அறிக்கை கொடுத்தது. ஊர் கொதித்துப்போனது. காலையில் வாளியைத் தூக்கினால் மேலே படலம் மினுங்குகிறது, தேநீருக்குக் கொதிக்க வைத்தால் வாடை இன்னும் தூக்குகிறது, அறிக்கை மட்டும் ஒன்றுமில்லை என்கிறது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

அதற்கு முன்பே, 2015 தொடக்கத்தில் ஜனங்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். மல்லாகம் நீதவான் நீதிமன்றம் அந்தத் தனியார் நிலையத்தின் வேலையை நிறுத்தச் சொன்னது. வீடுகளுக்கு பவுசரில் (நம்ம ஊர் லாரித் தண்ணீர்தான்) தண்ணீர் போனது. அதே வருடம் ரவீந்திர குணவர்தன காரியவசம் என்ற சுற்றுச்சூழல் அமைப்புத் தலைவர் கொழும்பில் அடிப்படை உரிமை வழக்குப் போட்டார். அங்கே உயர் நீதிமன்றம் என்றால் நம்ம கணக்கில் உச்ச நீதிமன்றம்.

தீர்ப்பு வந்தது 2019 ஏப்ரலில். மாசு நேர்ந்ததில் நார்தர்ன் பவருக்குப் பங்கு உண்டு, மாசு செய்தவர்தான் காசு தர வேண்டும் என்று சொல்லி 2 கோடி ரூபாய் (இலங்கை ரூபாய்) இழப்பீடு விதித்தார்கள். எனக்கு இதில் பிடித்தது, வேறு யாரும் எண்ணெய் கொட்டவில்லை என்று நிரூபித்தால்தான் உன்னைப் பிடிப்போம் என்று நீதிமன்றம் காத்திருக்கவில்லை. நாலு பேர் ஒரே கிணற்றைக் கெடுத்திருந்தால் ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேரைக் காட்டித் தப்பிக்கிற கணக்கு அங்கே செல்லவில்லை.

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் தொகையையும் பார்த்தேன். ஆளுக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய், அப்படிப் பிரித்தால் 500 பேருக்கு வரும். கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்யலாம், கொஞ்ச நாளைக்குத் தண்ணீரும் வாங்கலாம். கம்பெனிக் கணக்கில் இது செலவுப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. சுண்ணாம்புக் கல்லில் பூசிக்கிடக்கும் எண்ணெய் யாருடைய பேலன்ஸ் ஷீட்டிலும் இல்லை.